பதினோராம் ஜாடியில் இருப்பது

இதை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் வீட்டில். ராணி அக்காவோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்கள் நீங்கள். நாளைக் காலை அவருடைய நோட்டுகளை எடுத்துப்போக வருவீர்கள். கடைசி நோட்டுக்குள் இந்தத் தாள்களை மடித்து வைத்துவிடுவேன். என் பெயரை எழுதப் போவதில்லை.

செய்தி வந்தபோது நான் பள்ளிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அப்பா போனை வைத்துவிட்டு, "மாடிப் பொண்ணு போயிட்டாளாம். எலிக்காய்ச்சல்" என்றார். அம்மா, "அய்யோ பாவம், ஒத்தையா இருந்தாளே" என்று அடுப்பைக் குறைத்தாள். அவர்களுக்கு அக்கா அவ்வளவுதான். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள், மாடி அறையில் வாடகைக்கு இருப்பவள், ஏதோ மீனைப் பற்றிப் படிப்பவள். நான் அழுதால் ஏன் என்று கேட்பார்கள். பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

வலியசாலையில் எங்கள் அக்ரகாரத் தெருவுக்குள் மீன் வராது. மாடியில் மீன் சமைக்கக் கூடாது என்று சொல்லித்தான் அம்மா அறையைக் கொடுத்தாள். அக்கா சமைக்கவில்லை. மாலையில் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிடுவதால், ஒவ்வொரு ஜாடியாகத் துணிப்பையில் மறைத்துக் கொண்டுவந்தார். காய்ந்த துணி எடுக்கப் போன நான், திறந்திருந்த கதவு வழியாகத் தட்டில் கிடந்ததைப் பார்த்துவிட்டேன்.

"பயப்படாதே பிள்ள, செத்ததுதான். ஹாக்ஃபிஷ். தாடை கிடையாது, கண்ணும் சரியாத் தெரியாது. பல்லு மட்டும் நாக்குல இருக்கும். எங்க எஸ்டேட் சூப்பர்வைசர் மாதிரியேதான்."

நான் சிரித்தேன். அதற்குப் பிறகு அம்மா கோயிலுக்குப் போகும் மாலைகளிலெல்லாம் மாடிக்குப் போனேன். என் கையை முகர்ந்து அம்மா ஒருநாள், "என்னடி இது நாத்தம்?" என்றாள். கெமிஸ்ட்ரி லேப் என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜாடியில் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிற விலாங்குதான். செவுள் துளை எத்தனை, ஒட்டிப் பிறந்த பல் எத்தனை, வழவழப்பு சுரக்கும் துளைகள் இடது பக்கம் தலையிலிருந்து வால் வரை எத்தனை என்று எண்ணித்தான் இனம் பிரிக்க வேண்டும். அக்கா முதலில் தனியாக எண்ணி, ஒரு சீட்டில் எழுதி மடித்து வைப்பார். பிறகு நான் சிவப்புத் தலைக் குண்டூசியைத் துளை துளையாக நகர்த்தி எண்ணி, என் சீட்டில் எழுதி, கீழே என் பெயரின் முதலெழுத்தைப் போடுவேன். இரண்டையும் சேர்த்துப் பிரிப்போம். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் இருவரும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

"மனசுக்குள்ள எண்ணாதே. மனசு தாவிரும். வாய்விட்டு எண்ணு" என்பார். ஒருநாள் எண்ணி முடித்ததும் சொன்னார்: "சில நாள் இந்த எண்ணுறதுதான் பிள்ள நான் பேசுற பேச்சே." அன்று நான் அம்மா வரும் நேரம் வரை இருந்தேன். பள்ளியில் நானும் அப்படித்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம்.

பதினோராம் ஜாடியை எண்ணியது ஹர்த்தால் கடையடைப்பு அன்று. நாற்பத்துமூன்றாவது துளையில் ஊசி நின்றபோது கீழே கேட் திறக்கும் சத்தம். அம்மா வந்துவிட்டாள் என்று பயந்தேன். அக்கா எட்டிப் பார்க்க எழுந்து போனார். அவருடைய சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். எழுபத்தொன்று. என் சீட்டிலும் எழுபத்தொன்று எழுதினேன். வந்தது பக்கத்து வீட்டு மாமி. அக்கா திரும்பிவந்து சீட்டுகளைப் பிரித்து, விளக்கடியில் பக்கம் பக்கமாக வைத்தார். மற்ற ஜாடிகளிலெல்லாம் எண்பதுக்கு மேல்.

"ஏ பிள்ள! உனக்குமா எழுபத்தொண்ணு? அப்போ சரி. இது வேற ஆளு."

பார்த்து எழுதியதை நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். பத்து நாள் அப்படியே போனது. பிறகு அவருக்குக் காய்ச்சல்.

நேற்று உங்கள் சார் வந்தார். நான் காபி கொண்டுபோனேன். மாடியிலிருந்து இறக்கிக் கூடத்தில் அடுக்கியிருந்த நோட்டுகளில் குத்தியிருந்த இரண்டு சீட்டுகளையும் அப்பாவிடம் காட்டினார். "ரெண்டு பேர் தனித்தனியா எண்ணியிருக்கு, ஒரே நம்பர். புது இனம்தான். ராணியோட பேரைத்தான் வைக்கணும். ரெண்டாவது சீட்டுல ஆராணு ஈ 'கோ'? யாரு இது? எங்க லேப்ல ஆருக்கும் தெரியலியே." அப்பா, "இங்க யாரும் இல்லியே சார்" என்றார். நான் காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா எண்ணியது சரியாகவே இருக்கலாம். அவர் தவறுபவர் அல்ல. ஆனால் ஒருவர் மட்டும் எண்ணியதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதவர் அவர். தவறாக இருந்து, பிறகு யாராவது கண்டுபிடித்தால், அக்காவின் பெயர் ஒரு பிழையின் பெயராகிவிடும். அதைச் செய்தவள் நானாக இருப்பேன்.

அந்தச் சிவப்புத் தலைக் குண்டூசியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். மன்னியுங்கள். மாடிக்குப் பதினேழு படிகள். இப்போதும் ஏறும்போது வாய்விட்டு எண்ணுகிறேன். மேலே பூட்டு தொங்குகிறது. அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பவை அந்த ஊசியும் இந்த எண்ணுதலும்தான்.

பதினோராம் ஜாடியைத் திறந்து, இரண்டு பேராக, தனித்தனியாக எண்ணுங்கள். இடது பக்கம். நாற்பத்துமூன்று வரைதான் நான் எண்ணினேன். அதற்கு

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா. அன்றைக்குப் போல நிறுத்த மாட்டேன். அதற்கு மேல் நான் எழுதியது பொய். அந்த 'கோ' நான்தான். கோமதி