கட்டுக்கு அடியில் கிடந்த பதில்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரிக் வண்டியில் ராடு தூக்கும் ஆளாகச் சேர்ந்தேன். இன்றைக்கு என் பெயரில் நான்கு ரிக் வண்டிகள் வெளி மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. ஐம்பத்தெட்டு வயதில், ஒருவரிடமும் கேட்காமல், ஒற்றை விரலால் மின்னஞ்சல் பழகினேன். திருச்செங்கோட்டில் என் வயதில் இன்னொருவர் இருந்தால் காட்டுங்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். இவ்வளவு தூரம் நான் வந்த பிறகும், கல்லூரி படித்தவர்களுக்கு ஒரு பதில் எழுதத் தெரியவில்லையே என்று நினைத்தால் குமட்டுகிறது.

எங்கள் பக்கத்து ரிக் வண்டிக்காரர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருக்கிறது. எனக்கு ஒவ்வொரு கடிதமும் உடனுக்குடன் வந்துவிடும். முக்கால்வாசிப் பேருக்கு அன்றாடக் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து மத்தியானம் ஒரே அஞ்சலாக அனுப்புவார்கள். அதைக் 'கட்டு' என்போம். கட்டு வாங்குகிறவர் அதிலுள்ள ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத நினைப்பார். இருபது கடிதங்களையும் அப்படியே விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் 'ஆமாங்க' என்று போட்டு அனுப்புவார். தலைப்பில் கட்டின் எண் மட்டும் நிற்கும். எதற்கு ஆமாம்? கல்யாண அழைப்புக்கா, டயர் விலைக்கா, துக்கச் செய்திக்கா? எச்சில் இலையை எடுக்காமல் அதன் மேலேயே அடுத்த பந்திக்குச் சோறு போடுவதைப் போன்ற காரியம்.

தலைப்பை மாற்றுங்கள், எந்த வரிக்குப் பதிலோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டுங்கள் என்று பலமுறை எழுதிவிட்டேன். 'நல்ல கருத்துங்கண்ணா' என்று பதில் வந்தது. முழுக் கட்டுக்கும் அடியில்.

போன கோடையில் சத்தீஸ்கரில் என் வண்டி ஒன்று துளை போட்டுக்கொண்டிருந்தபோது மண் சரிந்து, பாறையை இடிக்கும் ஹேமர் முந்நூற்றெண்பது அடியில் மாட்டிக்கொண்டது. அதன் மேலே இருக்கும் ராடுகளும் சேர்ந்து குழிக்குள் நின்றுவிட்டன. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். அந்தப் பக்கம் யாருக்கும் வண்டி இல்லை. காலை பத்து மணிக்குக் குழுவுக்கு எழுதினேன்: ஊர் இது, ஆழம் இது, இந்த மண்ணில் வேலை பார்த்தவர் யாராவது வழி சொல்லுங்கள்.

அந்த வண்டி டிரைவரிடம், குழிக்குள் அடிக்கும் கம்ப்ரசர் காற்றை நிறுத்தாமல் காத்திருக்கச் சொன்னேன். கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு ஒரு அஞ்சல் வந்தது. தலைப்பில் கட்டின் எண். திறந்தால் முதலில் யாரோ வீட்டுக் கிரகப்பிரவேசம், அப்புறம் டீசல் புலம்பல், அதற்கும் கீழே நான் காலையில் எழுதிய கேள்வியே. எவனோ கட்டைத் தெரியாமல் திருப்பி அனுப்பிவிட்டான் என்று திட்டிக்கொண்டே மூடினேன்.

ஐந்து மணிக்கு டிரைவர் கூப்பிட்டார்.

"மொதலாளி, மண்ணு இறுக்கீட்டே போகுதுங்க. இழுத்துப் பாத்தரலாமுங்களா?"

"குழுவுல ஒருத்தனும் வாயத் தொறக்கல. இழு சாமி."

இழுத்தார். ராடு நடுவில் அறுந்தது. ஹேமரும் பாதி ராடுகளும் கீழேயே தங்கிவிட்டன.

மறுநாள் காலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த அஞ்சலை அழிக்கப் போனேன். எவ்வளவு நீளமென்று பார்க்க அடிவரைக்கும் உருட்டினேன். அங்கே கிடந்தது: 'அண்ணா, இழுக்காதீங்க. என்ற வண்டி ரெண்டு மணி நேரத் தூரத்துல நிக்குது. பெரிய கம்ப்ரசருங்க. நொரை அடிச்சு மண்ண எளக்கி எடுத்துரலாம்.' கூடவே போன் நம்பர்.

எழுதியவர் ராசிபுரத்துக்காரர், புதிதாகத் தொழிலுக்கு வந்தவர். கூப்பிட்டேன்.

"ஏனப்பா, பதிலக் குழி தோண்டியா பொதைப்பே?"

"கடைசீல எழுதியிருந்தனுங்களே, பாக்கலீங்களா?"

"மேல கெடந்த குப்பைய வெட்டறதுக்கு என்ன?"

"அதெப்படீங்கண்ணா? பெரியவங்க எழுதுனதுங்க அத்தனையும். அத வெட்டிப் போட்டுட்டு நாம எழுதறதுங்களா? மருவாதி இல்லீங்களே."

சோம்பேறித்தனம் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். மரியாதையாம்! கிரகப்பிரவேசத்துக்கும் மரியாதை, டீசல் புலம்பலுக்கும் மரியாதை. அவசரத்தில் ஒருவன் கேட்ட கேள்விக்கு மட்டும் இல்லை.

"நேரா எனக்குப் போன் போட்டிருக்கலாமல்ல?"

"உங்களுக்கு நானு எப்படீங்க போன் போடறது?"

"என்ற எழுத்த வெட்டியிருந்தீனா என்ற ஹேமரு வெளிய வந்திருக்குமப்பா. வெய்யி போன" என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் டிரைவரைக் கூப்பிட்டேன். அவரோ அறுந்தது தன் கைப்பிசகு என்றே பேசினார். அரை மணி பொறுத்திருக்கலாமுங்க, நாந்தான் அவசரப்பட்டுக் கேட்டுப்போட்டனுங்க என்று இரண்டு தடவை சொன்னார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முதலாளி சும்மா இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

"உம்மேல தப்பில்ல. பதிலு மூணு மணிக்கே வந்திருக்குது. இழுக்க வேண்டாம்னு. நாந்தான் முழுசாப் பாக்காம மூடிப்போட்டேன்."

இதைச் சொல்லும்போது வேப்பங்கொட்டையைக் கடித்தது போல இருந்தது.

"செரி விடுங்க மொதலாளி. பக்கத்துல வேற பாயிண்ட் பாத்துத் தொளை போடட்டுங்களா? இந்தக் குழிய மூடோணுமுங்க."

"மூடீரு" என்றேன்.