அதே வார்த்தைகளில்

தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. 'ஓவர்' என்றால்தான் தெரியும். புதிதாகக் கேட்பவர்கள், சரியான அலட்டல் பேர்வழி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பாவம், அவள் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினாலே அதிசயம். பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் அவளுடைய அண்ணன். அவளுக்கு ஏழு வயதாகும்போது டாக்டர் ஏதோ நீளமான வார்த்தை ஒன்றைச் சொல்ல, அம்மா வீட்டுக்கு வந்து, "ஓவேரியாவோ என்னவோ சொல்றாங்க" என்று அப்பாவிடம் கிசுகிசுத்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற அண்ணன் காதில் 'ஓவர்' மட்டும் விழுந்தது. அன்றைக்குப் பிடித்துக்கொண்டதுதான், நாற்பது வருஷமாக விடவில்லை.

முழு வார்த்தை ஹைப்பர்ஓவேரியா. சினைப்பைகள் வேலைக்கு வரவேண்டிய வயதுக்கு வெகு முன்பே வந்து, மூச்சுவிடாமல் உழைக்கின்றன என்று அர்த்தம். அபூர்வமான கோளாறு, அதைவிட அபூர்வமான பெயர். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் உடம்பு மட்டும் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டது. மருந்து கொடுத்தார்கள், அடங்கியது. பின்னால் கல்யாணமும் ஆயிற்று, பிள்ளைகளும் இரண்டு பிறந்தன. உயரம் மட்டும் அன்றைக்கு நின்ற இடத்திலிருந்து அதிகம் நகரவில்லை.

ஆனால் அந்த வார்த்தை அவளிடமிருந்து ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. அப்பாவுக்கு மரம் அறுக்கும் மில்லில் வேலை. சாயங்காலம் வந்ததும் மரத்தூள் சட்டையோடு அவளை அலாக்காகத் தூக்கி, கதவு நிலையின் மேல்சட்டத்தைத் தொடவைப்பார். "இனிமே அவளைத் தூக்காதீங்க. பெரிய பொண்ணு" என்று அம்மா சொன்னாள். சொல்லை மீறாத மனுஷன். தூக்குவதை மட்டுமா விட்டார்? தலையைத் தடவுவதையும் விட்டார், கையைப் பிடிப்பதையும் விட்டார். பாசத்துக்குக் குறைவில்லை, கேட்டது எல்லாம் வந்தது. ஆனால் பேனாவைக்கூட மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். அவள் எதற்கெல்லாமோ ஆசைப்பட்டிருக்கிறாள். இதற்கு ஏங்கியதைப்போல எதற்கும் ஏங்கியதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அவள் தன் வீட்டைப் புருஷன் தலையில் கட்டிவிட்டு அப்பாவோடு வந்து இருந்தாள். காலையும் மாலையும் யாராவது தாங்கிப் பிடித்து நடத்தவேண்டும், இல்லாவிட்டால் கால் அப்படியே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் கையை நீட்டினால் அப்பா சுவரைப் பார்ப்பார். "அண்ணன் வரட்டும்மா." அண்ணன் வேலை முடிந்து வர எட்டு மணி ஆகும், சில நாள் வரவே மாட்டான். கால் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில். பழைய நோயாளிகளின் கட்டுகளைப் பிரித்து ஒவ்வொரு நோட்டாகக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். தன்னுடைய வருஷத்துக் கட்டு எப்போது வரும் என்று பதினோரு மாதம் காத்திருந்தாள். வந்தது. அதில் தன் நோட்டைத் தேடி எடுத்து, அந்த வார்த்தையை அடித்தாள். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டது. நோய்ப் பட்டியலிலும் இல்லை. பெண்கள் பிரிவு டாக்டருக்குப் போன் செய்தாள்.

"அந்தப் பேரை இப்ப யாரும் எழுதறதில்லையேம்மா. வேற பேர் சொல்றேன், அதைப் போட்டுடுங்க" என்றார் அந்தச் சின்ன டாக்டர். எழுத ஆளில்லாத பேருக்கா இத்தனை வருஷம் பட்டப்பெயர் சுமந்தோம் என்று அவளுக்குச் சுருக்கென்றது.

அடுத்த பக்கம், இரண்டாம் தடவை போனபோது எழுதியது. அந்தக் காலத்து டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம். நோயாளி சொல்வதைத் திருத்தமாட்டார், அதே வார்த்தைகளில் எழுதிவைப்பார். தாய் சொல்வது: 'மருந்து ஒத்துக்குது. பயம்தான் போகல.' அதற்குக் கீழே, குழந்தை சொல்வது: 'எனக்கு ஒண்ணும் வலிக்கல. அப்பா தூக்க மாட்டேங்கறாரு. நான் கனமாயிட்டேனா?'

இப்படிக் கேட்டது அவளுக்கு நினைவே இல்லை. பழைய தாளின் தூசி என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சமாளித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒரு எழுத்து மாற்றாமல் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஒரு துண்டுத்தாளிலும் எழுதிக்கொண்டாள்.

ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் வருவானா?"

"இன்னிக்கு வரமாட்டானாம்பா. ஒண்ணு படிக்கிறேன், கேளுங்க." எங்கிருந்து வந்தது, யார் சொன்னது எல்லாம் சொல்லிவிட்டுத் துண்டுத்தாளைப் படித்தாள்.

அப்பா தன் கால்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கனமெல்லாம் இல்லம்மா. தூக்கினா உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டேன். எப்ப மறுபடி தொடலாம்னு எனக்கு யாரும் சொல்லல. நீயாவது கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கேன்பா. எழுதி வச்சிருக்காங்க."

அவர் அழுதார். அழுதுகொண்டே, சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் நீட்டினார். "நான் கனமா இருப்பேனேம்மா."

அவள் குனிந்து, அவருடைய அக்குளில் கைகளைக் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினாள். மரத்தூள் வாசனை இல்லை, தைல வாசனைதான். அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. கனமாகத்தான் இருந்தார்.

"இல்லப்பா" என்றாள்.