குரல் போன அன்று கேட்டது

திருவண்ணாமலையில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கடன் தவணை கேட்டுப் போன் செய்வது என் வேலை. யாரையும் பேசி முடிக்க விடமாட்டேன். "கதையெல்லாம் வேணாங்க, எப்போ கட்டுவீங்க?" என்று இடையிலேயே வெட்டிவிடுவேன்.

ஒருநாள் சளியில் தொண்டை கட்டிக் குரலே எழும்பவில்லை. அடி அண்ணாமலை கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவரை அழைத்து, "தவணை..." என்று மட்டும் கிசுகிசுத்தேன்.

"என்னம்மா, இன்னிக்கு திட்டலியா? திட்டுங்க, பரவால்ல. பொண்டாட்டி போனதுக்கப்புறம் எனக்கு வர்ற போனே உங்களுதுதான்" என்றார்.

எனக்கு என்னவோ போலிருந்தது. வேங்கிக்காலில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் என்னையும் யாரும் கூப்பிடுவதில்லை.

பேசப் பேச அவர் நாக்கு குழறியது. குடித்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். "கை... தூக்க முடியலம்மா" என்றதும் பதறிவிட்டேன். பக்கத்து சீட்டு அக்காவை ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, கடன் ஃபைலில் இருந்த கடை முகவரிக்கு ஸ்கூட்டியில் விரைந்தேன்.

கடைக்குள் சரிந்து கிடந்தார். பக்கவாதம். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தார் என்றார் டாக்டர்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டார்.

"தெரிஞ்சவங்க" என்றேன். கடைக்காரரின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் தவணை கேட்டதும் வாயை மூடிக்கொள்கிறேன். எதிர்முனையில் இருப்பவர் நிறுத்தினாலும் உடனே பேசுவதில்லை. சொல்லத் தயங்கிய விஷயம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் சொந்தப் போனிலிருந்து அந்தக் கடைக்காரரை அழைக்கிறேன். தவணைப் பேச்சை எடுப்பதில்லை. அவருக்கு வார்த்தை இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.