சுவெட்டருக்கு மேல் ஏறாத முயல்

என் கொழுந்தனாரின் மனைவியிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாகச் சமைப்பாள், அதிர்ந்து பேசமாட்டாள், குன்னூரில் எங்களுக்கு அடுத்த வாசலிலேயே குடியிருக்கிறாள். தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து நான் திரும்பும் வரை, பள்ளி விட்டு வரும் என் மகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இப்படி ஓர் ஓரகத்தி அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சிரித்துத் தலையாட்டுவேன்.

வினை ஒரு தவளையில் தொடங்கியது. பழைய பச்சை சுவெட்டரின் கையை வெட்டி, இரண்டு பொத்தான்களைக் கண்ணாக வைத்து, ரசம் கொதிக்கிற நேரத்துக்குள் அவள் ஒரு கைப்பொம்மை தைத்துவிட்டாள். நான் கெஞ்சினாலும் இட்லியைத் தொடாத மகள், தவளை கேட்டால் தட்டைக் காலி செய்தாள். கசப்பு மாத்திரையைக்கூட விழுங்கினாள். சித்தி ஆட்டும்போது சித்தியின் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை. தவளையின் கண்ணைப் பார்த்துத்தான் பேச்செல்லாம். அந்தத் துணிக்கு அவ்வளவு உயிர். சாயங்காலம் நான் வாசலில் வந்து நின்றால், "இரும்மா, தவளை பேசிட்டிருக்குது" என்பாள். எனக்கு வயிறு எரியும்.

அவளுடைய ஒன்றாம் வகுப்பில், சனிக்கிழமைகளில் யாராவது ஓர் அம்மா வந்து கைப்பொம்மை வைத்துக் கதை சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். எங்கள் முறை வந்தது.

"அம்மா, உனக்கு ஆபீஸ் இருக்குதில்ல? சித்தியக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

அடம்பிடித்துக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று கேட்டாள். அதுதான் சுட்டது.

"நான்தான் வருவேன். முயல் கொண்டு வருவேன்" என்றேன். சொன்ன பிறகுதான், பொத்தான் தைப்பதைத் தவிர எனக்கு ஊசியில் எதுவும் தெரியாது என்பது உறைத்தது.

இணையத்தில் முயல் பொம்மைக்கான பேட்டர்ன் கிடைத்தது. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். முன்பக்கம், பின்பக்கம், காதுகள் என்று தனித்தனியாக இருந்ததைக் கத்தரித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பியிருந்தபோது ஓரகத்தி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, மிஷின்ல ஒரு ஓட்டு ஓட்டித் தரட்டுங்களா?"

"வேண்டாம்."

அவள் ஓட்டினால் அது அவளுடைய முயல். அன்றே எல்லாவற்றையும் பையில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். மதிய இடைவேளையில் ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்து தைத்தேன். முதல் முயலில், தைக்க வேண்டிய புள்ளிக்கோட்டின் மேலேயே வெட்டிவிட்டதால், தைத்து முடித்தபோது இரண்டு விரலுக்கு மேல் நுழையவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய வெள்ளைக் கம்பளியில் மறுபடி வெட்டினேன். இம்முறை தையலுக்கு இடம் விட்டேன். மணிக்கட்டை இஞ்ச் டேப்பால் சுற்றி அளந்தேன். என் தையல் கோழி நடந்த தடம் மாதிரி இருந்தாலும், உள்பக்கத்தை வெளியே திருப்பியதும் காதுகள் எழுந்து நின்றன. ஆள்காட்டி விரல் தலைக்குள், கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு கைகளுக்குள். கச்சிதம். ஓரகத்தியிடம் காட்டாமலே பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரே துடிப்பு.

சனிக்கிழமை காலை வகுப்புக்குள்ளேயே மூடுபனி நுழைந்திருந்தது. பிள்ளைகள் குல்லாயும் சுவெட்டருமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் முயலை எடுத்துக் கையை நுழைத்தேன். மணிக்கட்டில் நின்றுவிட்டது. இழுத்தேன். என் சுவெட்டரைத் தாண்டி அது ஏறவில்லை.

மதிய வெயிலில், சுவெட்டரை நாற்காலியில் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்கையில் அளந்து, வெறுங்கையில் தைத்து, வெறுங்கையிலேயே போட்டுப் பார்த்திருக்கிறேன். பேட்டர்ன் போட்டவருக்கு நீலகிரிக் குளிர் தெரிய நியாயமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு என்ன கேடு? அந்தத் தவளையோ சுவெட்டருக்கு மேலேயே வழுக்கிக்கொண்டு ஏறும். எனக்கு அந்த நேரத்திலும் அதுதான் நினைவுக்கு வந்தது.

வேறு வழியில்லை. சுவெட்டரைக் கழற்றினேன். அரைக்கை சுடிதாரோடு நின்று, பக்கத்து ஊர் கேத்தியில் ஒரு தோட்டத்தில் கேரட் திருடப்போன முயலின் கதையை ஆரம்பித்தேன். பல் கிட்டியது. கை நடுங்கியது. தோட்டக்காரரிடம் வீராப்பாகப் பேச வேண்டிய முயல் வெடவெடவென்று ஆடியது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"முயல் ஏன் இப்படி ஆடுது?" என்று ஒரு பையன் டீச்சரிடம் கேட்டான்.

முன்வரிசையில் என் மகள் சிரிக்கவில்லை. அவள் முயலைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, இவளே நம்பவில்லை, சித்தியே வந்திருக்கலாம் என்று நினைக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

அவள் எழுந்தாள்.

"முயல் ஆடலீங்க மிஸ். எங்கம்மாவுக்குக் குளிருதுங்க."

நாற்காலியில் கிடந்த சுவெட்டரை எடுத்து வந்து, எட்டாத தோளுக்கு எக்கி எக்கிப் போர்த்தினாள். அது நழுவாமல் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, கேரட் கதை முடியும் வரை என் பக்கத்திலேயே நின்றாள். தவளை பேசும்போது சித்தியின் முகத்தை மறந்துவிடுகிறவள், என் முயல் பேசும்போது என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாயங்காலம் ஓரகத்தி முயலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் மகள் ஏற்கனவே ஒப்பித்திருந்தாள்.

"அடியில ரெண்டு பக்கமும் பிரிச்சு, கொஞ்சம் துணி ஒட்டுக் குடுத்துத் தரட்டுங்களாக்கா? அப்புறம் சுவெட்டர் மேலயே போட்டுக்கலாமுங்க."

நல்ல மனதோடுதான் கேட்டாள். எப்போதும் அப்படித்தான் கேட்பாள். இட்லிக்கு இன்றைக்கும் அந்தத் தவளைதான் வர வேண்டியிருக்கிறது.

முயலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"இறுக்கமாவே இருக்கட்டும்" என்றேன்.