பின் இடது சக்கரம்

நான் எதையும் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. குறைத்துச் சொல்கிற ஆள். கீழே வரும் நேரங்களும் அளவுகளும் என் நோட்டில் அன்றன்றைக்கே எழுதியவை. யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எழுத்து நடுங்கியிருக்கும். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

பகலில் ஒரு கிடங்கில் சரக்குப் பதிவு எழுதுகிறேன். வாரத்தில் மூன்று மாலை வரைபட வகுப்பு. ஐந்து வருடம் ஆசைப்பட்டு ஒரு சின்ன கார் வாங்கினேன். சிவப்பு. அடக்கமான உடம்பு, அடங்காத என்ஜின். ஷோரூமிலிருந்து நேராக எடுத்தது. எனக்கு முன்னால் அதன் சீட்டில் குடியிருந்தவர் யாரும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வாங்க வீட்டில் சொன்ன காரணம் அக்கா. அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தினமும் மாலை அவளை வேலையிலிருந்து கூட்டி வருவது என் பொறுப்பு. பின் சீட்டின் வலப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கமாகக் காலை நீட்டிக்கொண்டு வருவாள். வீட்டில் சொல்லாத காரணம் வேறு. வண்டியைத் தாழ்த்த வேண்டும். குட்டை ஸ்பிரிங் போட்டு, தரைக்கு முப்பத்தைந்து மில்லிமீட்டர் நெருக்கமாக. அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"முட்டி மடக்க முடியாதவளுக்குத் தரையோட தரையா ஒரு வண்டி. நல்ல தம்பிடா நீ" என்றாள். ஆனால் தடுக்கவில்லை.

மெக்கானிக் அண்ணன் வேலையில் கெட்டி, பேச்சில் கஞ்சன். முதலில் வண்டியை நான்கு எடைத் தட்டுகள் மேல் ஏற்றினார், சக்கரத்துக்கு ஒன்றாக. எதிர்ச் சுவரில் ஒரு பெட்டி. அதில் நான்கு எண்கள், கீழே மொத்தம். 1,042 கிலோ. எழுதிக்கொண்டேன். பெட்ரோல் நிறைய இருந்தது, அதையும் எழுதினேன். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து அளந்தேன். அண்ணன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

ஸ்பிரிங் மாற்றியதும், புதுசு படிய வேண்டும், இரண்டு நாள் பாரத்தோடு ஓட்டு என்றார். அதற்கென்று நான்கு மண் மூட்டைகள் வைத்திருந்தார். மணலுக்கு எதற்குக் காசு என்று, ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அவரே வெட்டி நிரப்பியவை. இரண்டை டிக்கியில் போட்டோம். மற்ற இரண்டும் பின் சீட்டின் இடப்பக்கம். உருண்டு புது சீட்டைக் கெடுக்கக் கூடாதே என்று, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, சீட் பெல்ட்டையும் மாட்டினேன்.

பார்க்க, யாரோ தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எனக்குத் தமாஷ் வராது. அன்று என்னவோ வந்தது. கதவைச் சாத்துவதற்கு முன் குனிந்து மூட்டையிடம் சொன்னேன்.

"அம்மா, வசதியா உக்காந்தாச்சா? கவலைப்படாதீங்க. வீட்ல கொண்டுபோய் விடுறது என் பொறுப்பு."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் நோட்டில் எழுதினேன்.

அக்காவை ஆட்டோவில் வரச் சொல்லி, இரண்டு நாள் ஓட்டிவிட்டு மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்தேன். நான்கும். எண்ணித்தான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள், மாலை 6.20. அக்காவை ஏற்றப் போய்க்கொண்டிருந்தேன். வண்டியில் நான் மட்டும். திடீரென்று மணி அடித்தது. டிங்... டிங்... டிங்... பின் இடது சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு. ஓரம் கட்டிப் பார்த்தேன். காலி சீட். பெல்ட்டை இழுத்து மாட்டினேன். மணி நின்றது. ஒயரில் ஏதோ கோளாறு என்று எழுதிவைத்தேன்.

அக்கா ஏறினாள். மாட்டியிருந்த பெல்ட்டை அவள் கவனிக்கவில்லை. வழக்கம்போலக் காலை நீட்டினாள். இரண்டு நிமிடம் போயிருக்கும்.

"ஏன்டா, சீட்டு சின்னதாயிடுச்சா? காலு முட்டுது."

சிக்னலில் திரும்பிப் பார்த்தேன். அவள் பாதத்துக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு முழம் இடம் காலியாக இருந்தது.

இறங்கும்போது கைகொடுத்தேன். அவளுக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தபோது அவள் பாதம் என் விரலில் பட்டது. சில்லென்று இருந்தது. நான் ஏசி போடவே இல்லை.

அன்று வாசல் விளக்கில், சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை மில்லிமீட்டரில் டேப் பிடித்தேன். பின் வலது 343. பின் இடது 331. எனக்கு என் கையின்மேல் என்றுமே நம்பிக்கை கிடையாது. ஏழு முறை அளந்தேன். ஏழு முறையும் 331. காலி வண்டி, ஆனால் ஒரு பக்கம் ஆள் உட்கார்ந்த தாழ்வு.

மறுநாள் அக்கா முன் சீட்டில் ஏறினாள், முட்டி வலியோடு. ஏன் என்று கேட்டேன். "ஓட்டு" என்றாள். வீடு வரை பின்னால் திரும்பவே இல்லை. இதற்கு ஒரு முடிவு தெரியாமல் அவளை இனி இதில் ஏற்றக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஐந்தாம் நாள், மாலை 7.05. மழை. ஒர்க்‌ஷாப்பில் வேறு யாரும் இல்லை. ஸ்பிரிங்கில் குறை இருந்தால் தட்டு சொல்லிவிடும் என்று அண்ணன் வண்டியை ஏற்றினார். பெட்ரோலை அன்று போலவே நிறைய அடித்துக்கொண்டு போயிருந்தேன்.

மொத்தம் 1,089.

நாற்பத்தேழு கிலோ கூடுதல். ஏறக்குறைய எல்லாமே பின் இடது சக்கரத்தில். பெட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஏற்றினார். 1,089. டிக்கி, ஸ்டெப்னிக் குழி, சீட்டுக்கு அடி எல்லாம் துழாவினோம். ஒன்றுமில்லை.

என்னை ஏறி உட்காரச் சொன்னார். நான் 61 கிலோ. பெட்டி 1,150 காட்டியது. தட்டு சரியாகத்தான் இருந்தது. அப்படியும் நம்பாமல், பின் இடது தட்டின் ஒயரை மாற்றிப் பார்ப்போம் என்று அவர் உள்ளே போனார்.

7.18.

முன் கண்ணாடி வழியே சுவர்ப் பெட்டி தெரிந்தது. எண்கள் அசையக் கூடாதே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

க்ளிக்.

பின்னால். பெல்ட் கழன்ற சத்தம்.

பின் இடது எண் இறங்கியது. 243... 231... 218...

பின் வலது ஏறியது. அதே வேகத்தில்.

மொத்தம் மாறவில்லை. 1,150.

யாரோ நகர்ந்து வருகிறார்கள். எனக்கு நேர் பின்னால்...

நின்றது.

பிறகு முன் வலது எண் ஏறத் தொடங்கியது. மிக மெதுவாக.

முன்னால் சாய்கிறார்கள்...

என் காதருகே ஈர மண் வாசனை.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியை நான் பார்க்கவில்லை.

அண்ணன் ஒயரோடு வந்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, எனக்குப் பின்னால் பார்த்தார். கையிலிருந்த ஒயர் கீழே விழுந்தது.

"இறங்கு" என்றார். அவ்வளவுதான்.

நடுங்கிய எழுத்து இங்கேதான். '7.18. வண்டியில் இருவர்.'

என்ன பார்த்தார் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிச் சோதித்துவிட்டு, குறை இல்லை என்று மட்டும் சொல்லி மாட்டிக் கொடுத்தார்.

பதினொரு நாள் கழித்து போன் செய்தார். பின்னால் இருந்த காலி மனையில் யாரோ வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். அவர் மூட்டைக்கு மண் வெட்டிய அதே குழி. அதற்குக் கீழே இன்னும் இரண்டடி. ஒரு பெண்ணின் எலும்புகள். குட்டையான பெண், போட்டு மூடிப் பல வருடம் ஆகியிருக்கும் என்றார்களாம்.

மற்ற வண்டிகளில் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"முப்பது வண்டில அந்த மூட்டையப் போட்டிருக்கேன் தம்பி. ஒண்ணும் ஆகல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "யாரும் அதுகிட்ட பேசினதில்ல."

அக்கா இப்போது வாடகை வண்டியில் போய்வருகிறாள். காரை விற்றுவிடு என்கிறாள். விற்கலாம். ஆனால் வார்த்தை கொடுத்தது கார் இல்லை, நான்.

அதனால் மாலைகளில் ஓட்டுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு தெரு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தி, பின் இடது கதவைத் திறந்துவைத்து, இருபது வரை எண்ணுகிறேன். பிறகு சாத்துகிறேன். வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுக்கிறேன்.

நேற்று காவல் நிலையத்துக்குப் போய் விசாரித்தேன். காணவில்லை என்று அந்தப் பெண்ணைத் தேடி இத்தனை வருடத்தில் ஒருவரும் வந்ததில்லை. பெயர் தெரியாது. ஊர் தெரியாது.

வீடு எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இன்று நாற்பத்து மூன்றாவது தெரு. இரவு 8.40. பின் வலது 343.

பின் இடது 331.