நான்கு நிமிட ஓய்வு

எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லியில் ஓர் உடலியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். வெள்ளைக் கோட்டைக் கழற்றவே மனம் வராது. அங்கே சோதனைக்கு ஒரு கட்டடத் தொழிலாளி வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். இறுகிய கெண்டைக்கால், தோளில் சிவப்புத் துண்டு. சோதனை முடிந்து நாங்கள் தரும் பாலையும் முட்டையையும் மகளுக்கென்று எடுத்துப் போவார்.

ஓரிடத்தில் நிற்கும் பயிற்சிச் சைக்கிளை அரை நிமிடம் முழு வேகத்தில் மிதித்து, நான்கு நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, மீண்டும் மிதிக்க வேண்டும். ஆறு வாரத்தில் மூச்சிரைப்பு குறைகிறதா, உடல் சர்க்கரையை மிச்சம் பிடித்துக் கொழுப்பை எரிக்கப் பழகுகிறதா என்று பார்ப்பதே ஆய்வு.

மிதிப்பதில் அவரை யாரும் மிஞ்சவில்லை. ஓய்வில்தான் தொல்லை. உடனே இறங்கி, தரையில் சொட்டிய வியர்வையைத் துண்டால் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

“அண்ணே, சும்மா உக்காருங்க. அசைஞ்சா அளவே தப்பாயிடும்.”

“சும்மா உக்காந்தா மேஸ்திரி ஆளை மாத்திருவான் தாயி.”

“இங்க ஏது மேஸ்திரி?”

என் கோட்டைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்தார். நான் கடிகாரத்தின் பக்கம் திரும்பியதும் மறுபடி தரையில் குனிந்திருந்தார்.

இரண்டாம் வாரம் அவரை நானே சோதனைப் பட்டியலிலிருந்து நீக்கினேன்.

“வேலையில ஏதும் கொறையா தாயி?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அதே சைக்கிளில் ஒரு கல்லூரி மாணவர். நான்கு நிமிடமும் சாய்ந்து கண்மூடிக் கிடந்தார். அளவுகள் பிசகாமல் வந்தன. கொத்து வேலைக்குப் போன என் அப்பாவும் பகலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.