கூரை தொடாத சுவர்

எங்கள் லயத்தில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அந்தக் காம்பராக்கள் இரண்டுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது. மேலே கொஞ்சம் வெளி, அதற்கும் மேலே தகரம். பக்கத்தில் வெங்காயம் வதக்கினால் என் கண் எரியும். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் சுவருக்கு அது தேவையே இல்லை.

ரத்தோட்டைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதற்காகத் தேடிப் படிக்க ஆரம்பித்த உளவியல் புத்தகங்கள் என்னை விடவில்லை. மனிதனின் குணம் எங்கிருந்து வருகிறது என்பதில் படித்தவர்கள் ஆளுக்கொரு கட்சியாக நிற்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வரும். எல்லாக் கட்சிக்கும் நம்மிடம் ஒரு பழமொழி ஏற்கெனவே இருக்கிறதே!

அந்தச் சிரிப்பு போன மாரிக்காலத்தில் நின்றது. உக்குவளையிலிருந்து ஒரு அம்மா நனைந்த குடையோடு என் வாசலில் வந்து நின்றார். பக்கத்துக் காம்பராப் பையனுக்குத் தன் மகளைக் கொடுப்பதாகப் பேச்சு. பெண் கொடுக்குமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம்தான். ஆனால் அவர் தனி வீட்டில் வாழ்கிறவர். சுவரை அண்ணாந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

"மறைக்காம சொல்லுங்கக்கா. எனக்கு ஒரே பொண்ணு. பையன் குணம் எப்புடி?"

பக்கத்தில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. பையனின் அம்மா வீட்டில்தான் இருந்தாள்.

வாசலில் மழை, எதிரே ஒரு தாய், சுவருக்கு அப்பால் இன்னொரு தாய். பையன் மாத்தளை டவுனில் கடை வேலை செய்கிறான். சாமான் வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறேன், அங்கே அவன் பசு. வீட்டுக்கு வந்தால் கோப்பை பறக்கும். ஆளை அடித்ததில்லை, இதுவரை.

பிறவிக்குணம் போகாது என்ற கட்சிக்கு ஒரு பலம் உண்டு. நாளைக்கு என்ன நடக்கும் என்று துணிந்து சொல்லும். ஆனால் கடையில் அந்தக் குணம் எங்கே ஒளிந்துகொள்கிறது? தொட்டில் பழக்கம் என்கிறவர்கள் ஏன் என்று சொல்வார்கள். இவன் அப்பன் குடித்துவிட்டு உடைத்த கோப்பைகளின் சத்தமும் இதே சுவரைத் தாண்டித்தான் வந்தது. அதைக் கேட்டு வளர்ந்த பையனை நினைத்தால் எனக்கு இன்றும் இரக்கம் வரும். இரக்கம் எனக்குச் சரி, கட்டிக்கொள்கிறவளுக்கு? அன்பு கிடைத்தால் எவனும் தழைப்பான் என்று இன்னொரு கட்சி. நான் மிகவும் விரும்புகிற கட்சி அதுதான். ஆனால் அந்த நம்பிக்கைக்கு அடுத்தவர் பெண்ணைப் பணயம் வைக்க முடியுமா? அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதுதான் அன்று எனக்குக் கனமாகப் பட்டது. அவன் கத்தியதும் அவன் அம்மா ஓடி ஓடித் தேத்தண்ணி ஊற்றுவாள். கத்தினால் கிடைக்கும் என்று அவன் படித்துவிட்டான். படித்ததை மாற்றலாம். ஆனால் அதை யார் அவளிடம் சொல்வது?

"கடையில தங்கமான புள்ள," என்றேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுல கோவம் வரும். சாமான ஒடைப்பான். ரெண்டும் நான் பாத்ததுதான்."

சுவருக்கு மேலிருந்து பையனின் அம்மா குரல் வந்தது. "அவங்கள இங்க அனுப்புங்கக்கா. மிச்சத்த நான் சொல்றேன்."

அந்த அம்மா திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தார். பிறகு பக்கத்து வாசலுக்குப் போனார். இத்தனை வருடத்தில் அன்றுதான் அந்தக் காம்பராவில் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அத்தனை தாழ்ந்த குரல். போகும்போது அவர் முடிவு ஒன்றும் சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பொழுது சாய்ந்து பையன் வந்தான். தேத்தண்ணி எங்கே என்று கத்தினான்.

"அடுப்படியில இருக்கு. ஊத்திக் குடி," என்றாள் அவன் அம்மா.

நான் அரிசிச் சுளகை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தேன். எழுந்தால் என் சத்தம் அவர்களுக்குக் கேட்கும். கோப்பை எப்போது உடையும் என்று காத்திருந்தேன்.

பிறகு அவன் காலடி அடுப்படிப் பக்கம் போனது. தேத்தண்ணிக் கேத்தலின் மூடி மெல்ல ஒலித்தது.